இரண்டு பெட்டி சைலன்சர்

பூனைதான் முதலில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தது.

கராஜின் சீமெந்துத் தரையில், பழைய டயர்களுக்கும் சுவருக்கும் நடுவே, காரிலிருந்து கழற்றிப் போட்ட துருப்பிடித்த சைலன்சர் கிடந்தது. அதன்மேல் வயிற்றைப் பரப்பிக்கொண்டு பூனை தூங்கியது. வத்தேகமையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்கள். அந்த வீட்டில் பூனைக்குச் சூடான இடங்கள் இல்லாமல் இல்லை. அடுப்படி மேடை இருந்தது, அண்ணனின் அழுக்குச் சட்டைக் குவியல் இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு இரும்பின் மேல் ஏன் படுக்க வேண்டும் என்று சர்மிளா யோசித்தாள். பூனையைத் தூக்கி இறக்கிவிட்டு, அது கிடந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. பூனையின் உடம்புச் சூடு. பிறகு, எதையும் ஒருமுறை பார்த்து நம்பிவிடாத அவளுடைய வழக்கத்தால், பூனை படாத மறுமுனையிலும் கையை வைத்தாள்.

அங்கேயும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

அதைக் கழற்றிப் பல நாட்கள் ஆகியிருந்தன. அந்தக் காரின் எஞ்சின் ஓடிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

தன் கைதான் குளிர்ந்திருக்க வேண்டும், அதனால் எதைத் தொட்டாலும் சூடாகத் தெரிகிறது என்று முடிவு செய்தாள். அந்த முடிவு அவளுக்கே முழுதாகப் பிடிக்கவில்லை. ஆனால் அதைவிட நல்லது எதுவும் கிடைக்கவில்லை.

கராஜ் என்பது வீட்டின் அடிப்பாகம்தான். சரிவில் கட்டிய வீடு. மேலே இரண்டு அறையும் அடுப்படியும், கீழே ரோட்டு மட்டத்தில் ஷட்டர் போட்ட ஒரு கூடம், இரண்டுக்கும் நடுவே உள்ளேயே ஒரு குறுகிய படிக்கட்டு. அம்மாவும் போன பிறகு அவளும் அண்ணன் யோகராஜும் மட்டும்தான். சின்ன வயதிலிருந்து தகரம் தட்டியும் கிரைண்டர் பிடித்தும் யோகராஜின் காது பெரும்பாலும் போய்விட்டது. முகத்தைப் பார்த்துச் சத்தமாகப் பேசினால் புரிந்துகொள்வான். எஞ்சினின் நடுக்கத்தை விரல் வைத்தே படித்துவிடுவான். ஆனால் தளர்ந்த வால்வின் தட்டல், குழாய்ப் பொருத்தில் கசியும் காற்று போன்ற மெல்லிய சத்தங்கள் அவனை எட்டுவதில்லை. அதற்கு அவள் வேண்டும். "காது குடு புள்ள" என்று கூப்பிடுவான். அவள் முட்டிபோட்டுக் கேட்டுச் சொல்வாள். அவள் சரி என்றால் சரி, இல்லை என்றால் மறுபடி கழற்றுவான். இது வெளியில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வாகனம் வராது.

இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பயம் வரும். தான் ஒருநாள் தவறாகக் கேட்டுவிட்டால்?

அவன் காதுக்குப் பதிலாக அவள் காது என்றால், அவள் தூக்கத்துக்கு அவன் மூக்கு. அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் காரைத் தூக்கும் ஜேக் வழுக்கி அவன் மூக்கெலும்பு உடைந்தது. அன்றிலிருந்து அவன் தூங்கினால் மூச்சின் முடிவில் மெல்லிய விசில் ஒன்று வரும். பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து அது கேட்கத் தொடங்கினால்தான் அவளுக்குக் கண் மூடும்.

கார் கலகெதரவிலிருந்து லொறியில் வந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கித்தான் கூரை மடித்துவிடும் பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை. யோகராஜ் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான், பெண் பார்க்கப் போனவன் மாதிரி. இப்படி ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து கொடுத்தால் கண்டி பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் வருவார்கள், திரீவீல் திருத்திக்கொண்டே காலம் கழிக்க வேண்டியதில்லை என்றான். காரோடு வந்த பாலாம்பிகை அம்மா அதன் பக்கம் திரும்பவில்லை. வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"மத்த வேலையெல்லாம் ஒங்க இஷ்டம் தம்பி. சைலன்சர் மட்டும் நல்லா சத்தமா இருக்கிறதா போடுங்க."

சர்மிளா அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள், அண்ணனுக்காக. அவன் சிரித்தான்.

"ஊரே சத்தத்தக் கொறைங்கன்னு வருது. நீங்க கூட்டச் சொல்றீங்க அம்மா."

"மகன் கனடாவுல இருந்து வர்றான். அப்பா காரத்தான் ஓட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். ஓட்டட்டும். ஆனா தெருவுக்கே கேக்கணும்."

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய சாமானையெல்லாம் டிக்கியில் போட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். புதிது போட்டதற்கு அதுதான் சாட்சி. வாங்குகிறவர்களும் ஆணி குறையாமல் கேட்டு வாங்குவார்கள். யோகராஜ் அதைச் சொன்னதும் பாலாம்பிகை அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அந்த சைலன்சர் வேணாம். எங்கயாவது போட்டுருங்க. என்கிட்ட கொண்டு வராதீங்க."

சாமான் தெரிவு செய்வது சர்மிளாவின் வேலை. விலைப்பட்டியல்கள் எல்லாம் இங்கிலீஷில் இருந்ததால்தான் கண்டியில் மாலை நேர இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள். போனில் படங்களைப் பெரிதாக்கி, ஒவ்வொரு குழாயையும் கழற்றியதோடு ஒப்பிட்டு, அளந்து, மறுபடி அளந்தாள். இந்தக் காருக்கு இரண்டு வகை கிடைத்தது. ஒன்று, ஒரே ஒரு பெட்டி வைத்த நேர்க்குழாய். கார்ப் பந்தயக்காரர்களுக்கு. அடிவயிறு அதிரும் என்று பாவித்தவர்கள் எழுதியிருந்தார்கள். மற்றது, நடுவில் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு பெட்டி வைத்தது. கார் செய்தபோது இருந்ததும் இதுதான். பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசலாம்.

வகுப்புக்குப் போகும் வழியில் சாஹுல் ஹமீது நானாவின் கடைக்குப் போனாள். பழைய கார் உதிரிப்பாகங்களுக்குக் கண்டியில் அவரை விட்டால் ஆளில்லை.

"வாங்க டொக்டர் தங்கச்சி. இண்டைக்கு எந்த நோயாளிக்கு மருந்து?"

அவள் படத்தைக் காட்டினாள். ரெண்டும் மேலே பரணில் இருக்கிறது என்றார். யாருடைய கார் என்று கேட்டார். சொன்னதும், கையிலிருந்த தேத்தண்ணிக் கிளாஸை மேசையில் வைத்தார்.

"கலகெதர சண்முகநாதன் முதலாளிட வாகனமா? அவர் மவுத்தானதே அதுக்குள்ளதானே."

பாலாம்பிகை அம்மாவின் கணவர் அந்தக் காருக்குள்தான் இறந்தார் என்பது அவளுக்குத் தெரியாது.

"கலகெதர மலையில, நல்ல மழை. கூரையப் போட்டுக்கிட்டு, வாகனத்த ஓரமா அழகா நிப்பாட்டி இருந்தாராம். விடியப் பாத்த ஆக்கள் தூங்குறார் எண்டுதான் நெனச்சாங்களாம். மொகம் நல்ல செவப்பாம், கொழந்த மாதிரி. சைலன்சர் பொக உள்ளுக்கு வந்திருக்கு எண்டாங்க."

"ஓட்டையா இருந்துச்சா நானா?"

அவர் பரணை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்குக் கொஞ்சம் முந்தி நான்தான் அந்த சைலன்சர வித்தேன். ரெண்டு பெட்டி. சத்தம் புடிக்காத மனுசன். பொறகு நானே போய்ப் படுத்துக் கெடந்து பாத்தேன் தங்கச்சி. ஓட்டை எண்டு ஒண்டும் காணல்ல." கிளாஸை எடுத்துக் குடித்தார். "வயசு போன கண்ணு. எங்கயாவது இருந்திருக்கும்."

எங்காவது இருந்திருக்கும். சர்மிளாவும் அப்படித்தான் நினைத்தாள். ஆளைக் கொன்றது கசிவு. சத்தம் குறைவாக இருந்தது யாரையும் கொல்லாது. ஆகவே வேண்டியது, பொருத்துகள் எல்லாம் புதிதாக இருப்பதும், வால்குழாய் பம்பரைத் தாண்டி வெளியே நீண்டிருப்பதும். இரண்டு பெட்டியில் அது இரண்டும் இருந்தது. சத்தம் போடும் வாகனங்களைப் பொலிஸ் வேறு மறித்துக்கொண்டிருந்தது. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கினாள். உண்மையான காரணத்தைக் கடைசியில்தான் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தக் காரை ஓட்டிப் பார்க்கப் போகிறவன் அண்ணன். நேர்க்குழாயின் அதிர்வோடு மலை ஏறி இறங்கினால், அவனுக்கு மிச்சமிருக்கும் கொஞ்சம் காதும் போய்விடும்.

"ரெண்டு பெட்டி தாங்க."

"அந்த அம்மா கேட்டது வேற எண்டீங்க."

"நான் சொல்லிக்கிறேன் நானா."

"யோசிச்சிச் செய்ங்க. வெளிநாட்டுச் சாமான், திருப்பி எடுக்க மாட்டேன். ஒங்கட நானா யோகராஜையும் சேத்துத் தந்தாலும் எடுக்க மாட்டேன்."

அவள் சிரித்தாள். பஸ்ஸில் வரும்போது மடியில் குழாய் குறுக்கே கிடந்தது. பாலாம்பிகை அம்மாவிடம் பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள்.

அடுத்த நாள் அந்தி மயங்கும் நேரம் பொருத்தி முடித்தான் யோகராஜ். புதுக் குழாய்க்குள் இருந்த எண்ணெய் கருகி, நீலப்புகை தரையோடு படர்ந்து, ஷட்டருக்கு வெளியே மழையில் கரைந்தது. அவன் ஓட்டுநர் இருக்கையில் இருந்து காலால் எஞ்சினை மெல்ல உறுமவிட்டான். அவள் காரின் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்தாள். கசிவு பார்ப்பதற்கு அவர்களிடம் ஒரே வழிதான். ஈரச் சாக்கைச் சுருட்டி வால்குழாயை அடைக்க வேண்டும். பொருத்துகளில் எங்காவது வழி இருந்தால் புகை அங்கே சீறிக்கொண்டு வரும். வழியே இல்லை என்றால் எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிடும்.

சுருட்டிய சாக்கை வால்குழாயில் இறுகத் திணித்தாள். காதைக் குழாயோடு நகர்த்தினாள். முன் பொருத்து. நடுப் பெட்டி. பின் பெட்டி. ஒரு சீறலும் இல்லை. எஞ்சின் இரண்டு தரம் குலுங்கி நின்றது. வால்குழாய்க்குத் திரும்பி, சாக்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

கூரையில் மழை. எங்கோ தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீர். சூடான இரும்பு சுருங்கும்போது எழும் டிக், டிக். இவை எல்லாவற்றுக்கும் அடியில், அவள் உள்ளங்கையில், ஈரச் சாக்கு மெல்ல வெளியே உப்பியது. குழாயில் மிஞ்சிய அழுத்தம். அது போய்விடும். அவள் காத்திருந்தாள். சாக்கு உப்பி முடிந்தது. பிறகு உள்ளே குழிந்தது. யாரோ மறுமுனையில் வாயை வைத்து உறிஞ்சியது போல, அவள் உள்ளங்கைத் தோலும் சேர்ந்து இழுபட்டது.

மறுபடி உப்பியது.

கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"கசியுதா?" மேலேயிருந்து யோகராஜ் கேட்டான்.

அவன் கேட்டது அதை மட்டும்தான். அதற்குப் பதில் உண்மையானதாகவே இருந்தது.

"இல்லண்ணே!" என்று எழுந்து அவன் முகத்துக்கு நேரே கத்தினாள்.

அவன் பெரிதாகக் கொட்டாவி விட்டான். "என்ன சீட்டோ தெரியல. ஒக்காந்தா எந்திரிக்க மனசே வரல."

அன்று இரவு அவள் பழைய சைலன்சரைப் போய்த் தொட்டுப் பார்த்தாள். அது குளிர்ந்து போயிருந்தது, வெறும் இரும்பு. பூனை அங்கே இல்லை. காரின் பின்னால், புது வால்குழாயின் வாய்க்கு நேரே சுருண்டு கிடந்தது. அதன் முதுகு மயிர் படிந்தது. எழுந்தது. படிந்தது.

காலையில் அவள் பயத்தை ஒழுங்குபடுத்திப் பார்த்தாள். முதலில், பழைய சைலன்சரின் ஒரு முனையை அடைத்து, வாளியால் தண்ணீரை நிரப்பி, நிமிர்த்தி வைத்தாள். துரு உதிர்ந்ததே தவிர, வெளியே ஒரு சொட்டு வரவில்லை. சாஹுல் ஹமீது நானாவின் கண்ணில் பிழை இல்லை. ஓட்டை இருக்கவே இல்லை. பிறகு சாமித்தட்டிலிருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்துக் கொளுத்தி, ஓரமாக நின்ற திரீவீலின் புகைக்குழாய் முன்னால் பிடித்தாள். புகை நேராக மேலே போனது. காரின் வால்குழாய் முன்னால் பிடித்தாள். எஞ்சின் இரவு முழுதும் குளிர்ந்து கிடந்தது. சாவி சுவர் ஆணியில் தொங்கியது. புகைக்கோடு வளைந்தது. நிதானமாகக் குழாய்க்குள் போனது. கொஞ்சம் தங்கியது. நிதானமாக வெளியே வந்தது. அவள் முகத்தில் பட்ட காற்றில் புகைவாசம் இல்லை. பழைய வெற்றிலை வாசம், ஈரத் துணி வாசம். நீண்ட நேரம் மூடிக்கிடந்த வாயின் வாசம்.

யோகராஜைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். காய்ப்பு ஏறிய உள்ளங்கையை அவன் குழாயில் வைத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

"ஒண்ணும் இல்லையே."

"நல்லா வச்சுப் பாருங்கண்ணே. மூச்சு விடுது."

அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு அவன் சிரித்தான். "கிளாஸுக்குப் போயி இங்கிலீஷு படிச்சியோ இல்லையோ, பயத்த நல்லாப் படிச்சிருக்க. காத்து போறதும் வர்றதும் கொழாயோட வேலதானே?"

அவன் சொன்னது சரியாகவும் இருக்கலாம். அவளுக்கு அதுதான் கஷ்டம். பயமும் சரி, அவன் விளக்கமும் சரி, இரண்டையும் அவளால் முழுதாக நம்ப முடியவில்லை. அன்று மாலை காரை வெளியே எடுத்து ஓட்டிப் பார்ப்பதாக இருந்தான். பெரிய வேலை முடிந்த வாகனத்தை முதல்முறை நகர்த்தும்போது நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போக வேண்டும். அவள்தான் சந்தைக்குப் போய்ப் பழம் வாங்கி வந்தாள். அவன் கையில் கொடுக்கும்போது விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கிளாஸ் முடிஞ்சு வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"ஒன் காது இல்லாம நான் எங்க ஸ்டார்ட் பண்றது? சத்தியம். போ, பஸ்ஸு போயிரும்."

வகுப்பில் ஒரு சொல்லும் தலையில் ஏறவில்லை. பாதியில் எழுந்து படிக்கட்டுக்கு வந்தாள். கண்டி வாவியின் மேல் மழை வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. பாலாம்பிகை அம்மாவுக்குப் போன் எடுத்தாள். தள்ளிப்போட்டதைச் சொன்னாள். சத்தம் கூடியது போடவில்லை, இரண்டு பெட்டி போட்டிருக்கிறது, பாதுகாப்புக்கு அதுதான் நல்லது.

அந்தப் பக்கம் டீவியின் சத்தம் நின்றது.

"யாரு போடச் சொன்னது?"

"நான்தாம்மா."

"கழட்டிருங்க. இப்பவே கழட்டிருங்க."

"ஏம்மா? கசிவு ஒண்ணும் இல்ல. நானே காது வச்சுப் பாத்தேன்."

"அன்னைக்கும்தான் கசிவு இல்ல." குரல் தாழ்ந்தது. "இங்க பாரும்மா. அது சத்தமா இருந்தா ஒண்ணும் பண்ணாது. அமைதியா இருந்தா, உள்ள ஒக்காந்தவங்களுக்குத் தூக்கம் வந்துரும். அவருக்கு அப்படித்தான் வந்துச்சு. கழட்டுற வரைக்கும் யாரையும் அதுக்குள்ள ஒக்கார விடாத. கேக்குதா? யாரையும்."

உடனே யோகராஜுக்கு எடுத்தாள். போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. அவனுக்கு அடிப்பது கேட்காது, சட்டைப் பையில் அதிர்ந்தால்தான் தெரியும். வேலை செய்யும்போது சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவான். மறுபடி எடுத்தாள். மறுபடி. சரிவில் மேலே அடுத்த வீட்டிலிருக்கும் கலாராணி அக்காவுக்கு எடுத்தாள். அவள் குடையோடு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிப் பேசினாள்.

"ஷட்டரு உள்ள பூட்டியிருக்கு சர்மி. லைட்டு எரியுது. நானும் தட்டோ தட்டுன்னு தட்டிட்டேன், ஒங்க அண்ணனுக்குத்தான் இடி விழுந்தாலும் கேக்காதே. கார் சத்தம் ஒண்ணும் இல்ல. சும்மா ஏதாச்சும் கழட்டிக்கிட்டு இருப்பான். நீ ஏன் பதறுற?"

கார் சத்தம் ஒன்றும் இல்லை. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். சத்தியம் செய்திருக்கிறான். ஸ்டார்ட் பண்ண மாட்டான். வத்தேகம பஸ் மகாவலிப் பாலத்தில் நெரிசலில் நின்றது. கண்ணாடிகள் மூடி, ஈர உடுப்புகளின் வாசத்தில் ஆட்கள் தூங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவரின் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. விலகி உட்கார்ந்தாள். சத்தமாக இருந்தால் ஒன்றும் பண்ணாது. நேர்க்குழாயைப் போட்டிருக்கலாம். கேட்டதையே கொடுத்திருக்கலாம். காரணங்களை அடுக்கி அடுக்கி, பெரிய கெட்டிக்காரி மாதிரி.

மடவளையைத் தாண்டும்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

அண்ணனுக்கு எந்தச் சைலன்சராக இருந்தாலும் ஒன்றுதான். அவனுக்கு எல்லாக் காரும் எப்போதும் அமைதிதான்.

மேல் வாசலைத் திறந்து, விளக்கைக்கூடப் போடாமல் உள்படிக்கட்டில் இறங்கினாள். "அண்ணே" என்று கத்தினாள், கேட்காது என்று தெரிந்தே. கராஜில் ஒற்றைக் குழல்விளக்கு எரிந்தது. புகை இல்லை. புகைவாசம் இல்லை. காரின் கித்தான் கூரை இழுத்து மூடியிருந்தது. டயருக்கு அடியில் பார்த்தாள். எலுமிச்சம்பழம் நான்கும் நசுங்காமல், மஞ்சளாக, முழுசாக இருந்தன. கார் நகரவில்லை. சாவி ஆணியில் தொங்கியது. பக்கத்தில் சட்டை, பைக்குள் போன். போனட்டில் கை வைத்தாள். கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

அவன் சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தான்.

அவளுக்காகக் காத்திருந்திருக்கிறான். காருக்குள் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறான். கண்ணாடி வழியே அவன் தலை சாய்ந்திருப்பது தெரிந்தது. ஆனால் ஓட்டுநர் இருக்கையில் அல்ல. பக்கத்து இருக்கையில். இடதுபக்கம். ஓட்ட ஒருவர் இருந்தால்தானே அந்தப் பக்கம் ஏறுவார்கள்.

கதவைத் திறந்தாள். ஓட்டுநர் இருக்கையின் தோல் நடுவில் குழிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல, சுருக்கம் சுருக்கமாக மேலெழுந்து சமமானது.

யோகராஜின் கன்னம் சிவந்திருந்தது. நன்றாகத் தூங்கி எழப்போகும் குழந்தையின் முகம். உதட்டில் லேசான சிரிப்பு. உலுக்கினாள். தலை அவள் தோளில் விழுந்தது. அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். கால்கள் கதவில் சிக்கின. இழுத்தாள். தரையில் கிடத்தினாள். ஷட்டரை உயர்த்தினாள். மழை உள்ளே அடித்தது. "கலாராணி அக்கா! அக்கா!" மேலே கதவு திறக்கும் சத்தம். அவன் நெஞ்சை அழுத்தினாள். அழுத்தினாள். காதை வைத்தாள். தளர்ந்த வால்வைக் கேட்ட காது. மயிரிழைக் கசிவைக் கேட்ட காது.

ஒன்றுமில்லை.

மழை மட்டும்.

பிறகு, அவள் முதுகுக்குப் பின்னால், விசில்.

மெல்லியது. மூச்சின் முடிவில் வருவது. மூக்கெலும்பு கோணியதால் வருவது.

தரையில் கிடந்த அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். உதடு அசையவில்லை. மூக்கு அசையவில்லை.

விசில் மறுபடி வந்தது.

தவழ்ந்து போனாள். பூனை வால்குழாயின் கீழே கிடந்தது, கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. உள்ளங்கையைக் குழாயின் வாயில் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் வந்தது நீண்டது, கனமானது, அவளுக்குப் பழகாத மூச்சு. அது முடிவதற்குள் இன்னொன்று தொடங்கியது. இலேசானது. இளையது. முடிவில் விசில்.

ஈரச் சாக்கு அருகிலேயே கிடந்தது. அடைத்தால் நின்றுவிடும். பார்ப்பதற்கு அவர்களிடம் அந்த ஒரே வழிதான். அடைத்தால் இரண்டு மூச்சும் நின்றுவிடும்.

காலால் சாக்கைத் தூரத் தள்ளினாள்.

படியில் செருப்புச் சத்தம். டோர்ச் வெளிச்சம் மழையில் ஆடியது. "சர்மி! என்னாச்சு சர்மி!" எங்கோ தூரத்திலிருந்து வருவது போல இருந்தது. மழைக்காற்று பட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையையும் குவித்துக் குழாயின் வாயைச் சுற்றி வைத்தாள். கன்னத்தை அதன்மேல் சாய்த்தாள். உள்ளே. வெளியே. விசில். பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து வந்ததைவிட இப்போது கிட்டத்தில் கேட்டது.

அவளுக்குத் தூக்கம் வந்தது.